முதுகுக்காரரின் முகம்

பாட்டுக்குள் கிளம்பிப் போன கப்பல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மீன் ஏலம் முடிந்து தளத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், துறைமுகத்துக்குத் திரும்பி வந்தது. அன்று மத்தி விலை இறங்கியிருந்தது, ஐஸ் விலை ஏறியிருந்தது, எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். படகுகளுக்கு வண்ணம் அடிக்கிறவர் ஏணியில் நின்றபடி முதலில் பார்த்தார். "பாட்டுக் கப்பல் வருதுப்பா" என்று, பால் வண்டி வருகிறது என்று சொல்லும் குரலில் சொன்னார். பாய்க்குப் பாட்டு சொன்ன அதே துருச் சிவப்பு. முகப்பில் செதுக்கியிருந்த பறவைக்குப் பாட்டு சொன்னபடியே மூக்கு உடைந்திருந்தது. துறைமுக அதிகாரி மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிக்கொண்டு போய், எந்தத் துறையிலிருந்து வருகிறீர்கள் என்று முறைப்படி கேட்டார். உலகத்தின் ஓரத்திலிருந்து என்றார் கப்பல் தலைவர். அச்சடித்த தாளில் அப்படி ஒரு துறை இல்லாததால் அதிகாரி 'மற்றவை' என்று குறித்துக்கொண்டு, கயிற்றை வீசச் சொன்னார்.

அந்தப் பாட்டு இந்த ஊரில் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்னால் வாயில் ஏறிவிடுவது. கடல் எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு வருவதாகச் சபையில் சொல் கொடுத்துவிட்டுப் போனவர்களின் கதை அது. கொடுத்த சொல்லை விழுங்கக் கூடாது, வாசலுக்கு வந்தவனைப் பசியோடு அனுப்பக் கூடாது, காயம் பட்டால் மார்பில் பட வேண்டும், முதுகில் படக் கூடாது என்பதையெல்லாம் பிள்ளைகளுக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டோடு பாட்டாக உள்ளே போய்விடும். கப்பலோடு போன புலவர், நடுவழியில் எதிரே வந்த ஒரு வணிகக் கப்பலில் மாறி ஏறி, பாட்டை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். பாட்டு வந்தது, கப்பல் வரவில்லை. அதனால் பாட்டுக்கு முடிவும் இல்லை. கடைசி அடியில் கப்பல் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. பாட்டு முடியாததால்தான் அதில் இருந்தவர்களுக்கு வயது ஏறவில்லை என்று ஊரில் சொல்வார்கள். அதைவிட நல்ல விளக்கம் இதுவரை யாரும் சொல்லவில்லை.

இறங்கி வந்தவர்கள் பாட்டு சொன்னபடியே இருந்தார்கள். மலைத்தோளன் என்று பாடப்பட்டவருக்குத் தோளைச் சுற்றி மூடுபனி நின்றது. வெயில் ஏறும்வரை கலையாது. காற்றின் தோழன் நின்ற இடத்தில் அக்கம்பக்கத்துத் துணியெல்லாம் ஒரு நிமிடத்தில் காய்ந்தது. கண்கலங்காத் தலைவருக்குத் தூசு விழுந்தாலும் புகை அடித்தாலும் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. துறைமுகத்தில் நின்ற அவருடைய சிலைக்குத் தாடி இருந்தது, அவருக்கு இல்லை. ஊர்ப் பெரியவர்கள் சிலையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துச் சங்கடப்பட்டதைக் கண்டு, அவரே அன்றிலிருந்து தாடி வளர்க்கத் தொடங்கினார். இவர்களை வீட்டில் தங்கவைக்க ஊரே அடித்துக்கொண்டது. மலைத்தோளனின் இரண்டு கையையும் இரண்டு குடும்பத்தார் பிடித்து இழுக்க, அவர் இருவரையும் தூக்கிக்கொண்டு நடந்துபோனார்.

கடைசியாக இறங்கியவர், எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி பலகையில் இறங்கினார். பின்பக்கமாக நடந்து இறங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். தளத்தின் அந்தப் பக்கம் நின்றவர்களும் முதுகைத்தான் பார்த்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது. கிழக்கே நின்றாலும் மேற்கே நின்றாலும், சுற்றி வந்தாலும், தெரிந்தது அகலமான ஒரு முதுகும், கழுத்தில் சுருண்ட முடியும், இரண்டு காதின் பின்பக்கமும்தான். யார் என்று யாரும் கேட்கத் தேவையில்லாமல் போனது. 'புயலில் ஒருவன் முதுகு காட்டிக் குதித்தான். கண் கலங்காது சுக்கான் பிடித்தான் தலைவன்' என்ற அடி எல்லோருக்கும் மனப்பாடம். பிள்ளைகள் அந்த இடம் வந்தால் தரையில் துப்பிவிட்டு அடுத்த அடிக்குப் போவது வழக்கம். அன்றும் இரண்டு மூன்று பேர் துப்பினார்கள். அவர் ஒரு சாக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கயிறு கட்டும் இரும்புத் தூண்மேல் உட்கார்ந்தார். மத்தியானம் போய்ச் சாயங்காலம் வந்தும் அவரை யாரும் கூப்பிடவில்லை.

அவரைக் கூட்டிக்கொண்டு போனவள் மேட்டுத் தெரு விடுதிக்காரி. துறைமுகக் கணக்கர்களும் ஊர் ஊராகப் போகும் விற்பனையாளர்களும் தங்குகிற மாடி வீடு அது. இரும்புப் படிக்கட்டு, மழைக்கு ஒழுகும் மேல்தளம், கீழே நீள மேசை போட்ட சாப்பாட்டுக் கூடம், அதற்குப் பின்னால் சமையலறை. அவளுடைய தேநீர் கெட்டியாக இருக்கும், வாய் அதைவிடக் கெட்டி. அன்று மீன் வாங்க வந்தவள், மீனை வாங்கிக்கொண்டு, இரும்புத் தூண் அருகே நின்றாள். "பாட்டு பாட்டுன்னு உயிரை விடுறீங்களே, வாசலுக்கு வந்தவனைப் பசியோட அனுப்பாதேன்னு அதே பாட்டுலதானே வருது? அந்த அடியை மட்டும் யாராவது விழுங்கிட்டீங்களா?" என்று பொதுவாகக் கேட்டாள். "எந்திரிங்க. சமையலறை பக்கத்துல ஒரு ரூம் காலியா இருக்கு. ஒழுகாது. எலி மட்டும் வரும்" என்று முதுகைப் பார்த்துச் சொன்னாள். முதுகு எழுந்து, குனிந்து, மீன் கூடையைத் தூக்கிக்கொண்டது.

அவளுடைய தம்பி பள்ளிக்கூட வாத்தியார். பாட்டை ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேர் தலையிலும் ஏற்றியது அவர்தான். மறுநாளே மூச்சிரைக்க மேடேறி வந்து, அக்கா செய்தது குடும்பத்துக்கே அவமானம் என்றார். அவள் உருளைக்கிழங்கு உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய புருஷன் பல வருடம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் போவதுபோல வீட்டைவிட்டு இறங்கிப் போனவன். ஜன்னலில் நின்று அவள் கடைசியாகப் பார்த்தது அவன் முதுகை. அதைத் தம்பியிடம் அவள் பேசியதே இல்லை. அன்று பேசினாள். "ஓடிப்போற முதுகு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டா. தோள் ரெண்டும் காதுகிட்ட வந்து ஒட்டிக்கிட்டு, யாராச்சும் கூப்பிட்டுடுவாங்களோன்னு பயந்த மாதிரி இருக்கும். இது அந்த முதுகு இல்ல." வாத்தியார் தேநீரைக் குடிக்காமல் போனார். ஆனால் அதற்கப்புறமும் ஞாயிறுதோறும் வந்தார். அக்கா கைத் தேநீருக்கு ஈடாக ஊரில் வேறு தேநீர் இல்லை.

அந்த வருடங்களைப் பற்றி ஊரில் வயதானவர்கள் இன்றும் பேசி முடிப்பதில்லை. வீரர்கள் சும்மா உட்கார்ந்து சாப்பிடும் ரகம் இல்லை. மலைத்தோளன் மூட்டை இறக்குகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பாரந்தூக்கி பழுதானால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பனி பெய்த காலைகளில் அவர் தோளில் வந்து உட்கார்ந்த நாரைகள் தண்ணீர்த் தொட்டி வரை கூடவே போகும். காற்றின் தோழன் சலவைக் கடை வைத்தார். அவர் சிரித்தால் தெருவிலிருந்த கதவுகள் எல்லாம் ஒரேயடியாகச் சாத்திக்கொள்ளும், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்கள் ஊரில் இருந்தவரை யாரும் கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கவில்லை. பின்வாங்கினால் எதிர்வீட்டில் மலைத்தோளன் கேட்டுக்கொண்டிருப்பார் என்ற கூச்சம். தையல்காரர் சொன்ன தேதிக்குத் துணி கொடுத்தார். இதை இப்போது சொன்னால் நம்புவார் இல்லை. தலைவர் துறைமுகத்தில் மேற்பார்வையாளர் ஆனார். விழாவுக்கு விழா மேடையேறிப் பாட்டின் புயல் பகுதியைச் சொன்னார். முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னார். கேட்கக் கேட்க மற்ற வீரர்களுக்கும் அது பாடமாகி, பாட்டில் இருந்த புயல்தான் தாங்கள் பார்த்த புயல் என்று ஆகிவிட்டது. பாட்டு முடியாதது என்றாலும் கரையில் கால் வைத்த நாளிலிருந்து அவர்களுக்கு வயது ஏறியது. நரைக்க நரைக்க ஊருக்கு இன்னும் சொந்தமானார்கள்.

முதுகுக்காரர் விடுதியின் கூரையை ஒழுகாமல் செய்தார். கப்பல் பலகைகளின் இடுக்கை அடைப்பதுபோல நாரும் தாரும் வைத்து அடைத்ததில், மேல்தளத்தில் தங்கியவர்கள் லேசாக ஆடுவதுபோல் இருக்கிறது என்றார்கள்; ஆனால் நன்றாகத் தூங்கினார்கள். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் எழுந்த பிறகே உட்காருவார். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சொல்லுவாங்க. இவர் ரெண்டுக்கும் பிந்துறாரே" என்று ஒரு விற்பனையாளர் வேடிக்கை பேசினார். விடுதிக்காரி அந்த விற்பனையாளருடைய தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முதுகுக்காரர் சாப்பிடுவதை முன்னால் நின்று பார்த்தாலும் முழங்கை அசைவதுதான் தெரியும். குரல் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல வரும். கண்ணாடியிலும் அவருக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. படம் எடுக்கிறவர் ஒருவர் ஒரு சுருள் முழுவதையும் வீணாக்கிப் பார்த்தார். எல்லாப் படத்திலும் முதுகு நன்றாக விழுந்திருந்தது.

விடுதிக்காரி மெதுவாக அந்த முதுகைப் படிக்கக் கற்றாள். சிரித்தால் வலத் தோள் முதலில் குலுங்கும். பொய் சொல்லும்போது, சாப்பாடு போதும் என்பதுதான் அவர் சொன்ன ஒரே பொய், கழுத்து நிமிரும். மழை நாளில் கடல் பக்கம் திரும்பி நிற்கிறார் என்றால், திரும்பி நிற்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் அவளுக்குத் தெரியும். கையை நீட்டித் தடவிப் பார்த்திருக்கலாம், அவர் மறுத்திருக்கமாட்டார். ஒரு மனுஷன் காட்டாத முகத்தைக் கையால் எடுப்பது திருட்டு என்று அவள் நினைத்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நாளுக்கு நாள் ஏறியது. அதை அவள் தன்னிடம் மறைத்துக்கொள்ளவும் இல்லை.

ஒரு மத்தியானம், பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, ஊரில் யாருக்கும் தோன்றாத கேள்வி அவளுக்குத் தோன்றியது. "ஏங்க, நடுக்கடல்ல கப்பலை விட்டுக் குதிச்சு ஓடினவர், எப்படி அதே கப்பல்ல வந்து இறங்கினீங்க?"

அவர் மீன் செதில் சீவிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"அது மட்டும் இல்ல. புயல்ல பயந்தவன் பாய்மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்குவான். கடல்லயா குதிப்பான்? கேப்பையில நெய் வடியுதுன்னு சொன்னா கேக்கறவனுக்குப் புத்தி எங்க போச்சு? இத்தனை தலைமுறையா இந்த ஊர்ல ஒருத்தருக்குமா தோணல?"

"பாட்டுல என்ன இருக்கோ அதுதான்" என்றார். கழுத்து நிமிர்ந்தது.

அவள் பருப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "யாருக்கோ சொல் குடுத்திருக்கீங்க. யாருக்குன்னு கேக்கல. கேட்டா நீங்க சொல்லமாட்டீங்க, சொல்லிட்டா நீங்க நீங்களா இருக்கமாட்டீங்க." அன்று செதில் சீவிய மீன் மூன்று தடவை சீவப்பட்டது.

யாருக்கு என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நாள் ஆகவில்லை. ஊரே அவர் முதுகைக் கூச்சமில்லாமல் உற்றுப் பார்க்கும்போது, ஒருவர் மட்டும், அவர் எதிரே வந்தால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனார். முகத்தை எதிர்கொள்ள முடியாதவன்தான் கண்ணைத் தாழ்த்துவான். முதுகைப் பார்த்து யாரும் தாழ்த்துவதில்லை. கப்பல் தலைவரின் கண்ணுக்கு மட்டும் அந்த முகம் தெரிகிறது என்று அவள் புரிந்துகொண்டாள். துறைமுக அலுவலகத்துக்கே போய், "உங்களுக்கு அவர் முகம் தெரியுது இல்லையா?" என்று நேராகக் கேட்டாள். தலைவர் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு ஜன்னல் வழியாகத் தன் சிலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் நின்றபடியே கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பினாள். உள்ளே வெந்துபோனது அவளுக்கு. ஆனால் கையில் இருந்தது ஊகம். அதை வீதியில் சொன்னால் முதுகுக்காரர் காத்த சொல் அவள் வாயால் உடையும். ஆகவே, பிறந்ததிலிருந்து எதையும் அடக்கிவைத்துப் பழகாத வாய், அந்த ஒன்றை அடக்கிவைத்தது.

வருடங்கள் ஓடின. மலைத்தோளன் ஒரு பனிக்காலையில் கலைந்துபோனார்; மூடுபனி விலகியபோது பெஞ்சில் அவருடைய தொப்பி இருந்தது. காற்றின் தோழன் படுக்கையில் கடைசி மூச்சு விட்டபோது ஊரில் கொடியில் கிடந்த துணி எல்லாம் ஒருமுறை எழுந்து அமர்ந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். தலைவர் மட்டும் ஊர் கொடுத்த பெரிய வீட்டில் தனியாக இருந்தார். மாலை போடுகிறவர்கள் உண்டு, கஞ்சி வைத்துக்கொடுக்க ஆள் இல்லை. ஒரு நாள் கையில் ஒரு சின்னப் பெட்டியோடு மேட்டுத் தெருவுக்கு நடந்து வந்து, விடுதி வாசலில் நின்றார். விடுதிக்காரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். கையில் துடைப்பம் இருந்தது. அதை ஓரமாகச் சாத்திவிட்டு, "வாங்க. சாப்பிட்டாச்சா?" என்றாள். வாசலுக்கு வந்தவரை என்ன செய்ய வேண்டும் என்று பாட்டில் இருக்கிறது.

அவருக்கு வேளா வேளைக்குச் சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. அந்த மௌனம் தாங்காமல் தலைவர் சமையலறைக்கு வந்து ஏதாவது வேலை கொடு என்று கேட்டார். கண் கலங்காத ஆளாயிற்றே என்று ஒரு கூடை வெங்காயத்தை அவர்முன் தள்ளினாள். தினமும் உரித்தார். எதிரே முதுகுக்காரர் மீன் சீவினார். இரண்டு கிழவர்களும் ஒரே மேசையில், ஒருவர் தலையைக் குனிந்துகொண்டும் ஒருவர் முதுகாகவும், ஒரு மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் ஏதாவது கொதிக்கும் சத்தம்தான் பேச்சு.

மழை விட்ட ஒரு காலையில், உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலைவர் சொன்னார். "அன்னிக்குக் குதிச்சது நான்மா."

"தலைவரே, வேண்டாம்" என்றது முதுகு.

"நீ சும்மா இரு. சொல் குடுத்தவன் நீ, வாங்கினவன் நான். திருப்பிக் குடுக்கற உரிமை எனக்கு உண்டு. குடுத்துட்டேன், எடுத்துக்கோ." பிறகு விடுதிக்காரியைப் பார்த்தார். "பயம் இல்லம்மா. புயல்ல கடல் ஒரு நிமிஷம் கண்ணாடி மாதிரி ஆச்சு. அதுக்குள்ள எங்க வீடு தெரிஞ்சுது. என் பொண்ணு படியில உக்காந்து செருப்பு மாட்டிக்கிட்டிருக்கா, ரெண்டு காலையும் மாத்தி மாத்தி மாட்டறா. போய் மாட்டிவிடலாம்னு இறங்கிட்டேன். அவ்வளவுதான். இவன் பின்னாடியே குதிச்சு, முடியைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தான். புலவர் பார்த்தது இவன் முதுகை மட்டும்தான். காலையில, யார் குதிச்சதுன்னு கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இவன் 'நான்தான்'னுட்டான். தலைவனே வீட்டை நினைச்சு இறங்கிட்டான்னு தெரிஞ்சா அதுக்கப்புறம் ஒருத்தன் துடுப்பைத் தொடுவானா? யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு என் கையைப் பிடிச்சுச் சொன்னான். குதிச்சவன் திரும்பி வந்தா பாட்டு இழுக்குதுன்னு புலவர் அந்த இடத்தை விட்டுட்டார். நான் அப்புறமா சொல்லிக்கலாம், அப்புறமா சொல்லிக்கலாம்னு…" அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தொட்டுப் பார்த்தார். கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தார். "எரியுது" என்றார். அந்தக் கூடையில் மிச்சம் இருந்த வெங்காயம் முழுவதையும், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், அழுதுகொண்டே உரித்தார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் வெங்காயம் உரித்ததில்லை.

விடுதிக்காரி திரும்பிப் பார்த்தபோது மேசைக்கு எதிரே ஒரு முகம் இருந்தது. அழகான முகம் என்று சொல்ல முடியாது. அகல மூக்கு, ஒரு புருவத்தில் பழைய வெட்டு, வெயிலில் காய்ந்த கன்னம். இத்தனை வருடம் தோளைப் பார்த்து அவள் படித்த வருத்தமும் விளையாட்டும் எல்லாம் கண்ணிலும் அப்படியே இருந்தது. புதிதாக எதுவும் கற்க வேண்டியிருக்கவில்லை. மீசை மட்டும் எதிர்பாராதது. கண்ணாடியில் முகம் தெரியாத ஆள் கையால் தடவித் தடவி வெட்டியதில், இடது பக்கம் ஏறியும் வலது பக்கம் தொங்கியும் கிடந்தது.

"மீசை கோணலா இருக்கு" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அப்படியா? எத்தனை நாளா?" என்றார் அவர்.

"அதை என்னைக் கேட்டா?" அவள் அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்து, அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். தொங்கிய வலது பக்கத்தை இடது பக்கத்துக்குச் சமமாக வெட்டினாள்.

இத்தோடு விட அவளுக்கு மனசு வரவில்லை. தான் பார்த்ததை ஊரும் பார்க்க வேண்டும், துப்பினவர்கள் துடைக்க வேண்டும். தலைவருக்கும் அதே ஆசை. அந்த வருடம் பள்ளி ஆண்டு நிறைவுக்கு வழக்கம்போல வாத்தியார் அவரை அழைத்தார். மண்டபம் நிரம்பி வழிந்தது. புயல் பகுதி வந்ததும் தலைவர் நிறுத்தினார். "இந்த அடி தப்பு. முதுகு காட்டிக் குதிச்சவன் நான். சுக்கான்ல யாருமே இல்ல. என்னை இழுத்துக் கொண்டுவந்தவர் அதோ, கதவுகிட்ட நிக்கிறார்" என்று தெளிவாகச் சொன்னார். சொல்லும்போது கண்ணீர் தாடியை நனைத்தது. அப்புறம் முன்வரிசையில் ஒரு பெரியவர் மூக்கை உறிஞ்சியபடி எழுந்தார். "இந்த வயசுலயும், தன்கூட வந்தவனோட பழியைத் தன் தலையில போட்டுக்கறார் பாருங்க. மனுஷன்னா இவர் மனுஷன்" என்றார். மண்டபமே எழுந்து கைதட்டியது. தலைவர் இல்லை இல்லை என்று கையை ஆட்ட ஆட்ட, அடக்கத்தைப் பார் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். வாத்தியாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார்.

விடுதிக்காரிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்துவதற்காகத் திரும்பியவள் கதவருகே முதுகுக்காரரைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வர, பழைய நண்பனின் முழிப்பைப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு ஒரு முதுகு குலுங்குவது தெரிந்தது. நன்றியில் அழுகிறான் என்று நினைத்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் அவளால் கத்த முடியவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, "உங்களுக்கு வருத்தமா இல்லையா?" என்று கேட்டாள். "ஒரு ஆள் பார்த்தாச்சு. அதுவே நடக்காதுன்னுதான் நினைச்சிருந்தேன்" என்றார்.

பாட்டில் தலைவரின் பெருந்தன்மை பற்றி ஒரு புதுப் பகுதி சேர்ந்தது. மற்ற பகுதிகளைவிட நன்றாகவே அமைந்திருந்தது. தலைவர் அந்தக் கோடையைத் தாண்டவில்லை. கைதட்டல்தான் அவரைக் கொன்றது என்று விடுதிக்காரி சொல்வாள். கடைசி நாட்களில் அவருக்குத் தலைமாட்டில் இருந்து வாயில் தண்ணீர் விட்டவர் முதுகுக்காரர். எந்தச் செருப்பை எந்தக் காலில் மாட்டுவது என்று தலைவர் திரும்பத் திரும்பக் கேட்டார். முதுகுக்காரர் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு விடுதிக்காரியும் முதுகுக்காரரும் அந்த வீட்டில் வெகுகாலம் இருந்தார்கள். ஊர் ஒரு மாதம் பேசியது, பிறகு அலுத்துவிட்டது. மாதம் ஒருமுறை வாசலில் நாற்காலி போட்டு அவள் அவருக்கு மீசை வெட்டிவிடுவாள். தெருவில் போகிறவர்களுக்கு ஒரு பெண் ஒரு பிடரியின் முன்னால் கத்தரிக்கோலை ஆட்டிக்கொண்டிருப்பது தெரியும். வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். ஞாயிறுதோறும் வாத்தியார் வந்தார். முதலில் அக்காவோடு மட்டும் பேசினார், பிறகு முதுகோடு தாயம் ஆடினார். தோற்றார். பள்ளிக்கூடத்தில் அந்த அடி வரும்போது அவருக்கு இருமல் வரத் தொடங்கியது. ஓய்வு பெறுகிற வருடம், பிள்ளைகள் துப்பியபோது, "தரையைத் துடைச்சிட்டு வெளியே போங்க" என்றார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

முதுகுக்காரர் ஒரு பிற்பகலில், சாப்பிட்ட கை காய்வதற்குள், தூங்குவதுபோல இறந்துபோனார். கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து விடுதிக்காரியே குளிப்பாட்டி, தலைவாரி, சட்டைப் பொத்தான் போட்டாள். தூக்கிப்போக வந்த ஆட்கள் வாசலைத் தாண்டியதும் தயங்கினார்கள். "அக்கா, குப்புறப் படுக்க வச்சிருக்கீங்களே" என்றான் ஒருவன் சங்கடமாக. சரியாகத்தான் படுத்திருக்கிறார் என்றாள். புரட்டலாமா என்று அவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். புரட்டினால் அவர் முகம் தலையணையில் அழுந்தும். கட்டிலுக்குக் குறுக்கே போய் நின்றாள். ஊரோடு இத்தனை வருடம் வழக்காடியவளுக்கு அன்று வாயில் ஒரு சொல் வரவில்லை.

வாத்தியார் நின்று நின்று மேடேறி அப்போதுதான் வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கட்டிலருகே நின்று குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"மீசை வச்சிருந்தாரா" என்றார் மெதுவாக. "சொல்லவே இல்லையேக்கா."

"நீ கேக்கவே இல்லையேடா."

"நல்லா வெட்டியிருக்கு."

"நான்தான் வெட்டிவிடுவேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வாத்தியார் நிமிர்ந்து ஆட்களைப் பார்த்தார். "மல்லாக்கத்தான் படுத்திருக்கார். தலை தட்டாம பார்த்துத் தூக்குங்க" என்றார். அத்தனை பேரும் அவரிடம் படித்தவர்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கண்முன் இருந்த முதுகைப் பார்த்துக்கொண்டே, முகம் மேலே இருப்பவரைத் தூக்குவதுபோலப் பதமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.